மட்டை சொன்ன சாட்சி

கோல்ஃப் வீரர் ஒருவரின் பைக்குள் இதய மாத்திரை ஒன்று இருந்தது. கூடவே இருந்த மட்டை, "முதலாளி கை நடுங்காததுக்கு என் ராசிதான் காரணம்" என்று ஓயாமல் பீற்றிக்கொள்ளும். மாத்திரை கேட்டுக்கொண்டு கிடக்கும்.

அவர் கோப்பை வென்ற மறுவாரம் ஊக்கமருந்துச் சோதனைக் குப்பி வந்தது. "கை நடுக்கத்தை நிறுத்துற மருந்து அவர் சிறுநீர்ல இருக்கு. போட்டியில அதுக்குத் தடை. யார் வேலை இது?" என்று அதட்டியது.

"நெஞ்சுவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததுங்க," என்றது மாத்திரை. "இதோ சீட்டு."

"சீட்டு போதாது. போட்டிக்கு முன்னாடியே எங்ககிட்ட அனுமதி வாங்கினீங்களா?"

அப்படியொன்று இருப்பதே மாத்திரைக்குத் தெரியாது.

மட்டை முந்திக்கொண்டது: "அந்தக் கை ஆடாம நின்னதெல்லாம் இவனாலதாங்க ஐயா! நான் வெறும் இரும்பு."

மாத்திரைக்குக் கோபம்கூட வரவில்லை. இத்தனை வருஷத்தில் மட்டை அதைப் பாராட்டியது அன்றுதான்.