எட்டாவது வளைவு

“அம்மா, நட்சத்திரம் ஏன் எட்டாவது வளைவில மட்டும் ஒளிச்சு விளையாடுது?”

ஆறு வயதுத் தாரிகா ஒரு மாலை இப்படிக் கேட்ட பிறகுதான், கொட்டாஞ்சேனையின் அந்தக் குறுகிய ஒழுங்கை முழுவதும், வீட்டுக்கு வீடு, அதைக் கவனித்தது.

ஒழுங்கை முகப்பிலிருந்து தேவாலய வாசல்வரை பன்னிரண்டு அலங்கார வளைவுகள். அவற்றில் ஆயிரத்து இருநூறு சிறு விளக்குகள். கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் நத்தார் காலத்தில் மாலை ஆறு மணியானதும், கணினி சொல்லச் சொல்ல, ஒரு வெள்ளி நட்சத்திரம் வளைவுக்கு வளைவு தாவி ஓடி, பாலன் குடிலின் மேல் போய் நிற்கும். பார்க்கிறவர்கள் கைகூப்பிவிடுவார்கள். ஆனால் இந்த வருடம், ஏழு மணியானதும் எட்டாவது வளைவு இருண்டுபோனது. நட்சத்திரம் ஏழில் மறைந்து ஒன்பதில் எழுந்தது.

“ஏழு மணி எண்டா அதுக்குச் செபமாலை நேரம் போல,” என்று சிரித்தாள் தாரிகாவின் அம்மா மாக்ரெட்.

அலங்காரக் குழுத் தலைவர் ஸ்ரனிஸ்லாஸ் சிரிக்கவில்லை.

“உமக்குப் பகிடி. சனிக்கிழமை அலங்காரப் போட்டிக்கு நடுவர்மார் வருவினம், அதுவும் ஏழரைக்கு. உஷாந்தியைக் கூப்பிடும்.”

உஷாந்தி அடுத்த ஒழுங்கைக்காரி. நெற்றியில் திருநீறு, தோளில் கணினிப் பை. ஐந்து வருடமாக ஒரு சதமும் வாங்காமல் இந்த விளக்குகளை ஆட்டுவிப்பவள் அவள்தான். முதல் வருடம் குழுவில் சிலர், “சைவப் பிள்ளையிட்டயோ நத்தார் லைற்றைக் குடுக்கிறது?” என்று முணுமுணுத்தபோது, “ஒரு லைற் அணைஞ்சாலும் என்னைக் கேளுங்கோ” என்று அடித்துச் சொன்னவர் ஸ்ரனிஸ்லாஸ். அந்தப் பேச்சை அவள் ஒரு நாளும் பொய்யாக்கியதில்லை.

“இவவின்ர கெட்டித்தனம் தெரியுமோ?” என்று ஏணியைப் பிடித்தபடி மாக்ரெட்டிடம் சொன்னார். “போன வருஷம் மழைக்குப் பாதிச் சரம் அணைஞ்சு போச்சு. நான் இருட்டின முதல் பல்ப்பை மாத்தி மாத்திப் பாக்கிறன். இவ வந்து, ‘அங்கிள், எரியிற கடைசிப் பல்ப்பைப் பாருங்கோ, அதுதான் அடுத்ததுக்குச் சொல்லாம விட்டிருக்கு’ எண்டா. அதை மாத்தினவுடன முழுக்கப் பத்திச்சுது!”

“அங்கிள், ஏணியை விட்டுட்டுக் கதையாதைங்கோ. நான் விழுந்தா பத்தாது,” என்றாள் மேலே நின்ற உஷாந்தி.

பகலில் சோதித்தால் எட்டாவது வளைவு பளிச்சென்று எரிந்தது. ஏழு மணியானால் அணைந்தது.

“துறைமுகத்தில முப்பது வருஷம் வயர் பிடிச்ச கை இது,” என்றார் ஸ்ரனிஸ்லாஸ். “ஏழையும் எட்டையும் மாத்திப் பாப்பம்.”

உஷாந்தி இரண்டு சரங்களையும் கழற்றி இடம் மாற்றிக் கட்டினாள். ஏழு மணி. எட்டிலிருந்து வந்த சரம் ஏழில் அழகாக எரிந்தது. ஏழிலிருந்து போன நல்ல சரம் எட்டில் இருண்டது.

“அப்ப பல்ப்பில பிழை இல்ல.”

“இல்ல அங்கிள்.”

மறுநாள் வயரையும் மாற்றினார்கள். அன்றும் ஏழு மணிக்கு இருட்டு.

“வயரிலயும் இல்ல. அப்ப உம்மட கொம்பியூட்டரிலதான்.”

“ஓம் அங்கிள்.”

“திருத்தலாம்தானே?”

உஷாந்தி ஏணியிலிருந்து இறங்கி, கையிலிருந்த தூசியைத் தட்டினாள். “இந்த வருஷம் என்னால ஏலாது அங்கிள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

உஷாந்தியின் வாயிலிருந்து ‘ஏலாது’ என்ற சொல்லை ஸ்ரனிஸ்லாஸ் கேட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை நடுவர்கள் வந்தார்கள். நட்சத்திரம் ஓடியது. ஒரு பெண் நடுவர் குழந்தைபோலக் கூடவே நடந்தார். ஏழாவது வளைவைத் தாண்டியதும் நின்று, மேலே பார்த்து, கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார். அரை மணி நேரத்தில் செய்தி வந்துவிட்டது. இரண்டாம் இடம்.

ஸ்ரனிஸ்லாஸ் தயங்கித் தயங்கி உஷாந்தியிடம் வந்தார்.

“பிள்ளை, குழுவில கதைச்சவை. வாற வருஷம் வேற ஆளிட்டக் குடுப்பம் எண்டு சொல்லினம். இந்த முறை என்னால வாய் திறக்க ஏலாமப் போச்சு.”

“அதுக்கென்ன அங்கிள். நல்லா செய்யிற ஆளிட்டக் குடுங்கோ,” என்றாள் உஷாந்தி. சிரித்தாள்.

“ஒரு பிளேன்ரீயாவது குடிச்சிட்டுப் போம்,” என்றாள் மாக்ரெட்.

“நீங்க போங்கோ அன்ரி. நான் வாறன்.”

பரிசளிப்புக்கு எல்லோரும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். ஒழுங்கையில் அவள் மட்டும் நின்றாள்.

எட்டாவது வளைவுக்கு நேரே ஒற்றை அறை வீடு ஒன்றின் ஜன்னல் இருந்தது. அதற்குக் கதவில்லை, பழைய சேலை ஒன்றுதான் திரை. உள்ளே ஆறாயி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கடைகளுக்கு இடியப்பம் அவிக்க இரவு ஒரு மணிக்கே எழும்புகிறவள், ஏழு மணிக்கெல்லாம் படுத்துவிடுவாள். இந்த ஐப்பசியில்தான் இங்கே குடிவந்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதா என்று யாராவது போய்க் கேட்டால், “சாமி வெளக்க எனக்காக நிறுத்துறதா? எரியட்டுங்க!” என்று பதறிவிடுவாள். உஷாந்தியின் முகம்கூட அவளுக்கு நினைவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் சிறுவர் ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டிலில் பேரனோடு இருந்த ஆறாயி, “நீ தூங்கு தாயி, ஒம் புள்ளைய நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லி, நோயில் கிடந்த குழந்தையோடு வந்த, முன்பின் தெரியாத உஷாந்திக்காக மூன்று இரவுகள் கண்விழித்திருந்தாள். ஏழு மணியானதும் எட்டாவது வளைவை அணைத்துவிடு என்று முதல் நாளே கணினியில் எழுதிவைத்தவள் உஷாந்திதான்.