எட்டாம் நாள் பூசை

"செத்துப்போனவங்க பட்டியல்ல என் பேரைச் சேர்த்தது யாரும்மா?"

பங்கு அலுவலகத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்ற சிப்ரியானோவுக்கு மூச்சு வாங்கியது. மேஜைக்குப் பின்னால், பூசையில் யார் யாருக்காக மன்றாட வேண்டும் என்று குறித்துவைக்கும் கருத்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தினாள்.

"உக்காருங்க பெரியவரே. பேரு?"

"சிப்ரியானோ மக்பன்வா. இப்போ பூசையில வாசிச்சாங்களே, 'ஆத்தும இளைப்பாற்றிக்காக'ன்னு! கோயில் முழுக்கக் கேட்டுச்சு."

"ஓ, அந்த சிப்ரியானோவா! செத்தவங்க யாரும் இதுவரைக்கும் நேர்ல வந்து புகார் கொடுத்ததில்ல. நீங்கதான் முதல் ஆளு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஒன்பது விடியற்காலைப் பூசைகளையும் ஒன்றுவிடாமல் கண்டால் கேட்டது கிடைக்கும் என்பது அந்தத் தீவில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதை நம்பித்தான் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்திருந்தார். தினமும் நான்கு மணிக்கு எழுந்து, கடைசித் தூணின் மறைவில் ஒண்டிக்கொண்டு நிற்பார். கடைசி ஆசீருக்கு முன்பே நழுவிவிடுவார். இன்று எட்டாவது நாள். தன் ஆத்துமம் இளைப்பாற ஊரே சேர்ந்து மன்றாடியதைக் கேட்ட பிறகு, நழுவுவதற்குக் கால் வரவில்லை.

"இந்தக் கருத்தைக் கொடுத்தது யாரு? நோட்டைக் காட்டு."

"அதெல்லாம் வெளியாளுங்களுக்குக் காட்டுறதில்ல."

"ரெமெதியோஸ்தானே? மூணாவது வரிசையில உக்காருமே, அதுதானே?"

"அவங்க உங்களுக்கு யாரு?"

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "பெண்டாட்டி."

வெளியே பூசை முடிந்த கூட்டம் பிபிங்கா அப்பத்துக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தது. பெண் பேனாவை மூடி வைத்தாள்.

"சரி, நீங்க உயிரோட இருக்கீங்கன்னு நான் நம்புறேன். பேரை எந்தப் பட்டியலுக்கு மாத்தணும்? நோயாளிகளா, நன்றி சொல்றவங்களா?"

முன்பின் தெரியாதவர்களிடம் மனம் திறப்பது சுலபம் போலிருக்கிறது, மனிதர் கொட்டிவிட்டார்.

"குடிச்சே படகைத் தொலைச்சவன்மா நான். தட்டிக்கேட்டா அவளை அடிப்பேன். ஒரு மாசத்துல திரும்பிடறேன்னு சொல்லி, தொட்டில் குழந்தையோட அவளை விட்டுட்டுப் போனேன். இருபத்திரண்டு வருஷமாச்சு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றது? துறைமுகத்துல மூட்டை தூக்கினேன். அங்கே ஒரு சின்ன ஜெபக்கூடம். மழைக்கு ஒதுங்கத்தான் போனேன். என்னையறியாம முழங்கால் போட்டுட்டேன். சாமியார்கிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதேன். அன்னைக்கு என் மேல இருந்து ஒரு பாரம் இறங்குச்சு பாரு, அப்படி ஒரு பாரத்தை நான் எந்தக் கப்பல்லயும் ஏத்தினதில்ல. ஏழு வருஷமா ஒரு சொட்டுத் தொடல."

"அப்புறமும் ஏன் வரல?"

"சாமியாரும் அதைத்தான் கேட்டாரு. 'ஆண்டவர் மன்னிச்சாச்சு, இனி அவகிட்ட போ'ன்னாரு. ஆண்டவர்கிட்ட போறது சுலபம்மா. ரெமிகிட்ட போறதுதான்... ஒன்பது பூசையும் முடிச்சா அவ வாசப்படி ஏற தைரியம் வரும்னு நினைச்சேன். அதுக்குள்ள அவளே என்னை அடக்கம் பண்ணிட்டா. நான் செஞ்சதுக்கு அது நியாயம்தான்."

எழுந்துகொண்டார்.

"பேரை மாத்த வேணாம். அப்படியே இருக்கட்டும். மத்தியானக் கப்பல்ல கிளம்பிடறேன். நான் வந்ததை அவகிட்ட சொல்லிடாதே தாயி."

கதவின் கைப்பிடியில் கை வைத்துவிட்டார்.

"நோட்டைப் பாக்கணும்னீங்களே. பாத்துட்டே போங்க."

அவள் அலமாரியிலிருந்த பழைய நோட்டுகளையும் எடுத்து மேஜைமேல் அடுக்கினாள். ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள். மாதம் தவறாமல் அதே பெயர், அதே பட்டியல். 'பயணத்தில் இருப்பவர்கள் பத்திரமாக வீடு திரும்ப: சிப்ரியானோ. கொடுத்தவர்: ரெமெதியோஸ்.' பக்கங்கள் பழுப்பேறிப் பூச்சி அரித்த நோட்டிலும் அப்படியேதான் இருந்தது.

சிப்ரியானோ கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். அழுகையை அடக்கவே முடியவில்லை.

"அப்போ இன்னைக்கு மட்டும் செத்தவங்கள்ல போட்டது?"

"நான்தான். முதல் நாளே அவங்க உங்களைப் பாத்துட்டாங்க. 'தானா வரட்டும், யாரும் கூப்பிடக் கூடாது'ன்னு சொல்லிட்டு, தினமும் பூசை முடிஞ்சு போய் ரெண்டு கோப்பை காபி ஊத்தி வச்சுக் காத்துக்கிட்டிருக்காங்க. நாளையோட பூசை முடியுது. நீங்க மறுபடியும் ஓடிடுவீங்கன்னு எனக்குப் பயம். உங்களை வாய் திறக்க வைக்க வேற வழி தெரியல."

நோட்டுகளை மூடிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"பூசையில உங்க பேரைக் கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே! தனியா வீட்டுக்குப் போனா எனக்கு அடி நிச்சயம். துணைக்கு வாங்கப்பா."