இன்னும் திறக்காத தீவு

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் என் விமான டிக்கெட் கடைக்குத் தவமலரக்கா மூச்சிரைக்க வந்தார்.

"தம்பி, தீவைத் திறந்திட்டாங்களோ?"

அவருடைய அண்ணர் குலசேகரம் மாஸ்டர், இந்து சமுத்திரத் தீவொன்றில் கணக்குப் படிப்பிப்பவர். கலியாணவீடொன்றுக்கு இரண்டு கிழமை லீவில் லண்டன் வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து அங்கே தொற்றுக்காய்ச்சல் பரவி, விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். மூன்று மாதமாகக் குட்மேய்ஸில் தங்கச்சி வீட்டில்தான் இருக்கிறார்.

"ஓம் அக்கா, திங்கக்கிழமை திறந்திட்டாங்கள். காலமைதான் எயர்லைனிலையிருந்து ஃபாக்ஸ் வந்தது. இனி உங்களுக்கு நிம்மதி."

"என்ன நிம்மதி? அண்ணை வந்தாப் பிறகுதான் என்ரை பிள்ளையள் ரெண்டும் கணக்கிலை பாஸ் பண்ணுதுகள். நான் ஷிப்ட் முடிஞ்சு வர, சோறு கறி மேசையிலை இருக்கு. அவர் கேட்டால் இன்னும் திறக்கேல்லையெண்டு சொல்லுங்கோ, தம்பி!"

பின்னேரம் மாஸ்டரே வந்தார். நான் அந்தப் பொய்யைத் தொடங்க முன்னமே கடைக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, தீவு திறந்திட்டுதாம். பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி இன்னும் ஒரு மாதம் லீவு கேட்டுப்போட்டன். அங்கை போனால் நானும் ரேடியோவும்தான். தவமலருக்குத் தெரிஞ்சால் இண்டைக்கே பெட்டியைக் கட்டித் தந்திடுவாள். அவள் கேட்டால் என்ன சொல்லுவீர்?"

ஃபாக்ஸை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"இன்னும் திறக்கேல்லை, மாஸ்டர்."

"சரியான விடை" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.