சாத்திய ஜன்னல்

பொழுது சாய்ந்ததும் ஆலைப் புகைக்குப் பயந்து புதுவாயலில் அந்தத் தெருவே ஜன்னல்களைச் சாத்திக்கொள்கிறது. ஹெலனும் சாத்தியிருக்கிறாள். கடல்மீன் தொட்டியிலிருந்து சின்னக் கண்ணாடிக் குழாயில் மொண்ட தண்ணீரை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள். சோதனை மருந்து விட்டால் நல்ல தண்ணீர் ஊதாவாகும்; இது மஞ்சளாகவே நிற்கிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஷிஃப்டில் இருக்கும் கணவன் பென்னி, மெஷின் இரைச்சலை மீறிப் போனில் கத்துகிறான். "ஊட்டுக்குள்ள நம்ம மூச்சுக்காத்தே அடைஞ்சிக்கினா தண்ணி புளிச்சு பி.எச். எறங்கிடும். ஜன்னலத் தொற மொதல்ல!" "தொறந்தா புகை வந்துடுமே, பாப்பா தூங்கினு இருக்கா." தாழ்ப்பாளில் விரலை வைத்தபடி ஹெலன் திரும்பிப் பார்க்கிறாள். தொட்டிலில் பாப்பாவின் வாயும் அதே போலத் திறந்து திறந்து மூடுகிறது.