டீ கொதிக்கும் நேரம்

காலை ஏழு மணிக்கு ஜானகி கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவாள். டீ கொதித்து, வடிகட்டி, தம்ளரோடு வரும்போதுதான் அது திறந்திருக்கும். பச்சைத் தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடிய வருஷம் இறந்துபோன அவள் கணவர் பாண்டியராஜ் வாங்கியது. ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்தும் கடைசிவரை ஒற்றை விரலால்தான் தட்டினார். இப்போது சிறு தேயிலை விவசாயிகளின் மனுக்களை அதில் டைப் செய்துதான் அவள் பிழைப்பு ஓடுகிறது.

அன்று மத்தியானத்துக்குள் ஒரு மனு கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டர் திறக்க இவ்வளவு நேரமாகிறதே என்று அவள் கூப்பிட்டு, குன்னூரிலிருந்து வந்த மெக்கானிக் பிரசாத், போட்டதும் தானாக ஓடும் வேண்டாத புரோகிராம்களை எல்லாம் நிறுத்தினான். அணைத்து மறுபடி போட்டான். கண்மூடித் திறப்பதற்குள் திரை வந்தது.

"இனிமே டீ வெக்க நேரமிருக்காதுங்கக்கா," என்று சிரித்தான். "பாஸ்வேர்டு சொல்லுங்க."

"கம்ப்யூட்டர் அதெல்லாம் கேட்டதே இல்லையே தம்பி."

"கேக்குதுங்களே. எப்பவோ வெச்சதாட்ட இருக்குது. தெனமும் அடிச்சுத்தானுங்க உள்ள போயிருக்கோணும்."

ஜானகி அதை ஒருநாளும் அடித்ததில்லை. அது என்னவென்றும் தெரியாது. மனு உள்ளே இருந்தது.

"வா தம்பி, டீ வெக்கறேன்," என்று அவனையும் அடுப்படிக்குக் கூட்டிப்போனாள்.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. ஆளில்லாத அறையிலிருந்து கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒவ்வோர் எழுத்தாக, தேடித் தேடி. பிரசாத் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மூன்றாவது தம்ளரை எடுத்து வைத்தாள்.

"ஏனுங்க," என்று அறைப்பக்கம் குரல் கொடுத்தாள், "சக்கரை போடட்டுங்களா?"