இருபது நிமிடத் தூரம்

"அப்பா, எனக்கு டோக்கியோவுலயே ஒரு ரூம் வேணும்."

இந்தப் பேச்சை மட்டும் அப்பா முன்னால் எடுத்துவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். செண்பகவல்லி எடுத்துவிட்டாள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். வாயடக்கம் மட்டும் வாங்கவில்லை.

அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. "மதுரையிலருந்து டோக்கியோ இந்தப் புது ராக்கெட் பிளேன்ல இருவது நிமிசம். முக்குக் கடையில டீ குடிச்சுட்டு வர்ற நேரம். இதுக்கு எதுக்குத்தா ரூமு?"

தூரமாகப் போய்விடலாம் என்றுதான் அவள் விழுந்து விழுந்து படித்தாள். இப்போது ஜப்பானில் வேலை முடிந்த கையோடு ஓடிவந்து மதுரையில் மாவரைக்கிறாள். நேற்று ஆபீஸ் மீட்டிங்கின் நடுவே கூப்பிட்டு, பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

"தம்பிக்கு மட்டும் மேலூர்ல ரூம் எடுத்துக் குடுத்தீங்களே?"

"அவன் காலேஜுக்கு பஸ்ல ஒரு மணி நேரம் அலையணும்ல. ஆம்பளப் புள்ள வேற. நீ சொகுசாப் பறந்துதான வர்ற!"

செண்பகவல்லி பையைத் தோளில் மாட்டினாள். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "சாயந்திரம் வெள்ளனா வந்துரு தாயி, அரிசி ஊறப் போடணும்."

"நீயே போட்டுரும்மா. திரும்பி வர்ற டிக்கெட்ட நேத்தே ரத்து பண்ணிட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கினாள்.