பதினேழாம் எண் தாள்

அருங்காட்சியகத்தின் சாமான் அறைக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டாள். அழிக்க வேண்டியதை எல்லாம் பதினோரு மணிக்குள் அழித்தாக வேண்டும். மணி இப்போதே பத்தே முக்கால். அவசரமாக ரப்பரைத் தேடி எடுத்தாள்.

திருட்டு வேலைதான், சந்தேகமில்லை. இருபத்து மூன்று தன்னார்வலர்களைக் கட்டி மேய்க்கும் ஒருங்கிணைப்பாளர் அவள். 'குறி போட்டவரைத் தவிர வேறு யாரும் தாளைத் தொடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டியதும் அவளேதான்.

செவ்வாய்க் கிரகத்தின் தரையை மேலிருந்து எடுத்த படங்களை அச்சிட்டுக் கொடுப்பார்கள். பள்ளம் என்று தோன்றினால் வட்டம், மேடு என்று தோன்றினால் பெருக்கல் குறி, பென்சிலால் போட வேண்டும். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

பதினேழாம் எண் அவள் புருஷன். சுவர் பூசுவதில் கைதேர்ந்த கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவர். வீட்டில் வாயே திறக்காத மனுஷனைக் கெஞ்சிக் கூத்தாடி இங்கே கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

வந்த மூன்றாம் நாள் அவராகவே முகச்சவரம் செய்துகொண்டு, "கிளம்பலாமா? நேரமாச்சு" என்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். அன்றைக்கு அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஆசை தீர அழுதாள்.

ஆனால் இந்தப் படங்கள் வந்ததிலிருந்து அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம். எதைக் கொடுத்தாலும் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டுதான் பென்சிலைத் தொடுவார். கூடத்தில் எல்லாரும் அவருக்குத் 'தலைகீழார்' என்றே பேர் வைத்துவிட்டார்கள், அவரும் சிரித்துக்கொண்டார்.

அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தலையில் பட்ட அடி பார்வையைக் குழப்பலாம் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்.

பயந்தபடியேதான் ஆயிற்று. முதல் படத்தின் தாள்களைப் போன வாரம் பார்க்காமலே அனுப்பிவிட்டிருந்தாள். மீதித் தாள்களை நேற்று அடுக்கும்போதுதான் பார்த்தாள்: ஆறு படங்களிலும் மற்ற இருபத்திரண்டு பேரும் பெருக்கல் குறி போட்ட இடத்தில் இவர் வட்டம், அவர்கள் வட்டம் போட்ட இடத்தில் இவர் பெருக்கல் குறி.

இன்றைக்குப் பதினோரு மணிக்கு, படங்களை அனுப்பும் விஞ்ஞானி அம்மாள் வருகிறார், தேறாதவர்களைக் கழித்துக்கட்ட. கழித்துவிட்டால் மனுஷன் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். இன்னொரு தடவை எழுப்பி உட்கார வைக்க அவளிடம் தெம்பு இல்லை.

ஆறு படங்களிலும் இருந்ததை அழித்து, மற்றவர்கள் போட்டதுபோலவே மாற்றிப் போட்டாள். தாள்களைக் கோப்பில் செருகிவிட்டு ஒன்றும் நடக்காதவள்போலக் கூடத்துக்கு வந்தாள்.

புருஷன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். புடவையில் ஒட்டியிருந்த ரப்பர்த் துகள்களை மெல்லத் தட்டிவிட்டார்.

"என்ன, நீயும் பூச்சு வேலைக்குக் கிளம்பிட்டியா?"

"உள்ள ஒரே தூசிங்க."

"முகமே சரியில்லையே. டீயாவது குடிச்சியா?"

பதில் சொல்வதற்குள் விஞ்ஞானி வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கோப்பை விரித்தார். தாள்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் சுருங்கியது.

"அநியாயமா இருக்கே, ஒருத்தர்கூடத் தேறல!" என்றார் விஞ்ஞானி. "இந்தப் படத்துல எல்லாம் வெயில் கீழ்ப்பக்கத்துல இருந்து விழுது. நேரா வெச்சுப் பார்த்தா பள்ளம் மேடாத் தெரியும், மேடு பள்ளமாத் தெரியும். கண்ணு அப்படி ஏமாத்தும். தலைகீழாத் திருப்பிப் பார்த்தாத்தான் சரியாத் தெரியும். யாராவது தானாக் கண்டுபிடிக்கிறாங்களான்னு பார்க்கத்தான் நான் சொல்லாம விட்டேன்."

அவளுக்குக் காது அடைத்தது. கூடத்துச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது.

"போன வாரம் நீங்க அனுப்பின முதல் படத்துல பதினேழாம் நம்பர் ஒருத்தர்தான் கரெக்டாப் போட்டிருந்தார். அவர் ஒருத்தரை நம்பித்தான் இன்னைக்கு வந்தேன். அவரும் இப்படியா?"

சொல்லிக்கொண்டே அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். கொத்தனார் அழுத்தி அழுத்திப் போட்டிருந்த பழைய வட்டங்கள் தடம் தடமாகத் தெரிந்தன.

"அழிச்சு மாத்தியிருக்கு!" விஞ்ஞானியின் குரல் உயர்ந்தது. "யார் பண்ணின வேலை இது?"

விஞ்ஞானி தாளைக் கோப்பின் மேல் வைத்தார்.

"அவரே தன் கண்ணை நம்பாம மாத்தியிருந்தா, அவர் எனக்கு வேண்டாம். இன்னைக்கே அனுப்பிடுங்க. வேற யாராவது கை வெச்சிருந்தா, இந்தத் திட்டத்தையே இழுத்து மூட வேண்டியதுதான். உங்க வேலையும் போயிடும், தெரியுமில்ல?"

போனால் போகட்டும், சொல்லிவிடுவது என்று அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னால் கைத்தடிச் சத்தம் மெல்ல நெருங்கி வந்து, அவளை ஒட்டி நின்றது.

"நான்தான் மேடம் அழிச்சேன்."